தாத்தாவுக்கு நாற்பது கோழி

செந்தாவின் கழுத்தில் இரண்டு கயிறுகள் தொங்கின. ஒன்று, புத்தாண்டுக்கு ஊருக்குப் போனபோது பிக்கு மந்திரித்துக் கட்டிவிட்ட சிவப்பு நூல். இன்னொன்று நைலான் கயிறு. அதில் பேக்கிங் பகுதிப் பின்கதவின் சாவி. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இவளுக்குக் கனம் கழுத்திலேயே இருந்தது. மூன்று மாதமாக அந்தக் கழுத்து திருப்ப முடியாமல் வலித்துக்கொண்டிருந்தது.

அன்று புதன்கிழமை. வேலை விட்டு வந்து வாடகை அறையின் சிமென்ட் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். அறைத்தோழி கொங்கியா புலித் தைலம் தடவி, ஒரு பழைய நாணயத்தால் அவள் பிடரியிலிருந்து தோள்வரை சிவக்கச் சிவக்கச் சுரண்டினாள். வாயு பிடித்தால் எங்கள் பக்கம் இதுதான் முதல் வைத்தியம். ஆஸ்பத்திரி எல்லாம் அதற்கப்புறம்தான்.

"தோல் இப்படிச் செவந்தா வாயு எறங்கியிருக்கணும்," என்றாள் கொங்கியா. "உனக்கு எறங்கலையே. இது வாயு இல்லக்கா. உன் கழுத்தை யாரோ அளவெடுத்துட்டுப் போயிருக்காங்க."

"வாயை மூடிட்டுத் தேய்."

"நான் மூடிக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ மூட முடியாதே. சேதி தெரியுமா? இந்தத் தடவை சட்டை வாங்குற கம்பெனிக்காக சோதனைக்கு வர்றது வெள்ளைக்காரன் இல்ல. நம்ம ஆளு, பொம்பளை. பேரு நியாரி. பக்கத்து ஷூ கம்பெனிக்குப் போன வாரம் வந்தாளாம். ஆபீஸ்ல உக்காந்து கேள்வி கேக்கலையாம். ஒவ்வொருத்தரா தாத்தா முன்னால கூட்டிட்டுப் போயி, ஊதுபத்தி ஏத்தி வச்சுட்டு, இப்பச் சொல்லுங்கன்னாளாம்."

செந்தா அவள் கையைத் தள்ளிவிட்டாள். எழுந்து உட்கார்ந்தாள். முதுகில் தைலம் எரிந்தது, அது உறைக்கவில்லை.

நாலாம் நம்பர் சாலையில் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் கேட் ஓரத்தில் ஒரு தாத்தா இருப்பார். சின்ன சிமென்ட் குடில், உள்ளே சிவப்புத் துணி சுற்றிய கல். மண்ணுக்குச் சொந்தக்காரர் அவர்தான். மேலே கட்டடம் கட்டியவன் எவனாக இருந்தாலும் அவருக்குக் குடித்தனக்காரன். எங்கள் முதலாளி வேறு தேசத்துக்காரர், அவரைத் தவுக்கே என்போம். அவரே மாதம் இரண்டு முறை பழம் வைத்துக் கும்பிடுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா கும்பிட்டவரைக் காப்பார். தம் முன்னால் பொய் சொன்னவனின் கழுத்தை முறிப்பார். இது பிள்ளைகளை மிரட்டச் சொல்கிற கதை இல்லை. காணாமல்போன மோட்டார் சைக்கிளைத் தான் எடுக்கவில்லை என்று அவர்மேல் சத்தியம் செய்த வாட்ச்மேன், பதினோராம் நாள் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தான். முழங்கால் உயரக் கட்டில்தான். கழுத்து முறிந்து செத்தான்.

வெள்ளைக்காரனிடம் பொய் சொல்வது வேறு விஷயம். அவன் வருவான், சிரிப்பான், காகிதத்தில் டிக் போடுவான். அவனிடம் சொன்ன பொய்யை அவனே விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பதினான்கு வருடத்தில் செந்தாவும் அப்படி நாலைந்து பொய் சொல்லியிருக்கிறாள், ராத்திரி நன்றாகத் தூங்கியும் இருக்கிறாள்.

அவள் தாக்கேவ் பக்கத்துக்காரி. அப்பாவின் நோய்க்காக வயலை விற்றார்கள். அப்பாவும் போனார், வயலும் போனது. ஓலைக் கூரை. மழை வந்தால் அம்மாவும் பிள்ளைகளும் ஒழுகாத ஒரு மூலையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பார்கள். பிராஹோக் மீன் விழுதைக் கஞ்சியில் போடாமல், சட்டியை முகர்ந்துவிட்டுக் கஞ்சி குடித்த நாட்கள் உண்டு. கடைக்குட்டித் தங்கை ஒருத்தி இருந்தாள். வயிற்றுப்போக்கு வந்து இரண்டே நாளில் போய்விட்டாள். ஒரு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கிக் கரைத்துக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பிறகு ஒரு நர்ஸ் சொன்னாள். பிறகு சொல்லி என்ன செய்ய.

இருபது வயதில் செந்தா இந்தத் தொழிற்சாலைக்கு வந்தாள். முதல் ஆறு வருடம் அவள் தைத்தது இடது கை மட்டும். சட்டையின் இடது கை. வலது கை தைத்தவள் பக்கத்தில் இருந்தாள். முழுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கிறவன் எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தான். காலரில் யார் பெயரைத் தைக்கிறோமோ அதுதான் எங்களுக்குப் பெரிய கம்பெனி. உலகத்தில் அது கடை போடாத நாடு இல்லையாம். அந்தப் பெயரை லட்சம் தடவை பார்த்திருக்கிறாள், ஒருநாளும் வாசிக்கத் தெரிந்ததில்லை.

அந்த இடது கைகள்தான் ஊரில் தகரக் கூரையாகின. பிறகு நாலு சிமென்ட் தூண். பிறகு கைபம்பு. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்றபோது தடங்கல் இல்லாமல் ஊசி மருந்து. தம்பி விரெயாக் வாத்தியார் படிப்புக்குப் போனான். இன்னும் ஒரே வருடம்தான். அந்த வீட்டில் படித்து உத்தியோகம் பார்க்கப்போகிற முதல் ஆள் அவன்.

அதனால், கம்பெனிக்காரன் ஏழைகளை உறிஞ்சுகிறான் என்று நகரத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உறிஞ்சுவதற்கு எங்களிடம் என்னய்யா இருந்தது? அதே சமயம் சாப்பாட்டு அறைச் சுவரில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பெண்களின் படத்தைப் போட்டு, எங்கள் ஆர்டரால் இத்தனை குடும்பம் தலைநிமிர்ந்தது என்று எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வரும். நிமிர்ந்த தலை எந்த நேரத்தில் உருளுமோ என்ற பயத்தைப் படத்தில் போட மாட்டார்கள்.

ஆர்டர். அதையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வருமா, குறையுமா, நிற்குமா என்று ஒவ்வொரு பருவத்திலும் எண்ணூறு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு வருடம் முன்பு எதிர்ப்பக்கப் பேன்ட் கம்பெனியில் ஒரு திங்கட்கிழமை பெண்கள் வேலைக்கு வந்தபோது கேட் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையே மிஷின்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் தார்ப்பாய் விரித்து நாற்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள். செந்தா வேலைக்கு ஏற்றிப்போகும் லாரியில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பாயில் தன் இடத்தைப் பார்த்துவிடுவோமோ என்று பயம்.

சாவி அவள் கழுத்துக்கு வந்த கதை இது. பேக்கிங் பகுதியில் சட்டைப் பெட்டிகள் காணாமல் போயின. தவுக்கே பின்கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்து, லைன் லீடராக இருந்த செந்தாவிடம் கொடுத்தார்கள். அவளுக்குத் திருடவும் தெரியாது, திருடனுக்கு வளையவும் தெரியாது. "ஆபீஸ் சொல்லாமத் திறக்கக் கூடாது" என்பது ஒரே நிபந்தனை. அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

புத்தாண்டு முடிந்து திரும்பிய வாரம், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், அயர்ன் பகுதியில் புகை வந்தது. முதலில் பழுப்பாக, பிறகு கறுப்பாக. யாரோ நெருப்பு என்றார்கள். முன்வாசல் பக்கம்தான் புகை, அதனால் இருநூறு பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். சங்கிலி. கைகளால் தகரத்தை அடித்தார்கள். "செந்தாக்கா, சாவி, சாவி" என்ற சத்தம் அவள் காதில் விழுந்தது. சாவி அவள் நெஞ்சில்தான் இருந்தது.

அவள் கதவுக்கு ஓடவில்லை. ஆபீசுக்கு ஓடினாள், உத்தரவு கேட்க.

இதை அவள் யாரிடமும் விளக்க முடிந்ததில்லை. தனக்கே விளக்க முடிந்ததில்லை. பதினான்கு வருடம் கேட்டுக் கேட்டே செய்த கால்கள் அந்தப் பக்கமாகத்தான் போயின. ஆபீஸ் அறை பூட்டியிருந்தது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பூட்டிய அந்தக் கதவை அவள் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு நின்றாள். அவள் திரும்பி ஓடிவந்தபோது புகை தானாக அடங்கியிருந்தது. ஒரு மின்விசிறி வயர்தான் எரிந்திருந்தது. யாரும் சாகவில்லை.

ரொம்துவோல் மட்டும் பின்கதவடியில் எழுந்திருக்காமல் கிடந்தாள். பட்டன் தைக்கிற பெண், இருபத்திரண்டு வயது, ஐந்து மாதக் கர்ப்பம். மேலே எத்தனை பேர் விழுந்தார்களோ. ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே குழந்தை போய்விட்டது. ஆபீசிலிருந்து ஒரு கூடை ஆரஞ்சுப் பழமும் இரண்டு வார விடுப்பும் கொடுத்தார்கள். எந்தக் காகிதத்திலும் அந்த நாள் ஏறவில்லை. சங்கிலியை மறுபடி போட்டார்கள். செந்தாவின் கழுத்து வலி மறுநாள் காலையில் தொடங்கியது.

ரொம்துவோல் வேலைக்குத் திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் "அக்கா சாப்டீங்களா?" என்பாள். அதற்குப் பதிலாக அவள் இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று செந்தா நினைப்பாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒத்திகை நடந்தது. ஆள் நிர்வாக அதிகாரி சாரெத் கையில் தாளுடன் லைன் லைனாக வந்தார். எங்கள் ஆள்தான், தவுக்கேயின் குரலில் பேசிப் பேசிச் சொந்தக் குரலை எங்கேயோ போட்டுவிட்டவர்.

"ஓவர்டைம் கட்டாயமா?"

"இல்லீங்க, இஷ்டப்பட்டாத்தான்."

"பின்கதவு?"

"எப்பவும் திறந்தே இருக்குங்க."

"எப்பவும்?"

"எப்பவும்."

எண்ணூறு வாய். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி இருந்தது. கொங்கியா மட்டும் முனகினாள், "திறந்திருக்கு திறந்திருக்குன்னு சொல்லியே திறந்துரும்போல."

சாரெத் செந்தாவைத் தனியே ஓரங்கட்டினார். "சங்கிலியை நாளைக்குக் காலையில எடுத்துடுவோம். கீலுக்கு எண்ணெய் விட்டாச்சு. பழசை யாரும் தோண்டக் கூடாது, அவ்வளவுதான். மத்தவங்க தெரியாதுன்னு தப்பிச்சுக்கலாம். சாவி உன்கிட்ட இருந்துச்சு, நீ தப்பிக்க முடியாது. கதவு பூட்டியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை எழுத்துல ஏறினா ஆர்டர் போயிடும். எண்ணூறு பேரு சோறு உன் நாக்கு நுனியில இருக்கு, தெரியுதா?"

"தாத்தா முன்னால கேப்பாங்களாமே சார்."

சாரெத்தின் முகம் வெளுத்தது. அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். "எல்லாம் பாத்துக்கலாம்," என்றார். எதைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

அன்று ராத்திரி செந்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொய் சொன்னால் கழுத்து. உண்மை சொன்னால் அம்மாவின் ஊசி, தம்பியின் படிப்பு, கூடவே எண்ணூறு அடுப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிணம் கிடந்தது. கடைசியில், எங்கள் ஆட்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்களோ அதையே செய்வதென்று முடிவுக்கு வந்தாள். தாத்தாவிடமே போய்ப் பேரம் பேசுவது.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் வேக வைத்த முழுக் கோழி ஒன்றை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஊதுபத்தியும் பழமுமாகத் தொழிற்சாலைக்குப் போனாள். மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தாத்தா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எங்கயாவது வெளியூர் போயிட்டு வாங்க. உங்க தம்பி யாராவது மலைமேல இருப்பாரில்ல, அவரைப் பாத்துட்டு சாயங்காலமா வாங்க. நான் சொல்றது உங்க காதுல விழ வேணாம்.

குடிலை நெருங்கியதும் நின்றுவிட்டாள்.

கோழி வைக்க இடமில்லை. தாத்தாவின் முன்னால் மஞ்சள் மஞ்சளாக வேகவைத்த கோழிகள், கழுத்து மடங்கி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இரண்டு வாத்து. ஒரு பன்றித் தலை, காதில் பூ வேறு. பழச் சீப்புகள் படியிறங்கித் தரைவரை வந்திருந்தன. ஊதுபத்திப் புகையில் கண் எரிந்தது. லைன் ஏழிலிருந்து இரண்டு பேர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். பன்றித் தலை யாருடையது என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை. சாரெத்தின் செருப்பு இன்னும் படியோரம் கிடந்தது, அவர் குடிலின் பின்னால் நின்று வேண்டிக்கொண்டிருந்தார். ஊர் மொத்தமும் ஒரே விண்ணப்பத்தோடு வந்திருக்கிறது. கொங்கியாகூட வந்து போயிருந்தாள், அவளுடைய பூப்போட்ட தட்டு அங்கே இருந்தது.

ஓரத்தில் ரொம்துவோல் முட்டி போட்டிருந்தாள். அவள் முன்னால் ஒரு சின்னப் பழச் சீப்பும் இரண்டு முட்டையும்.

"கோழி வாங்க முடியலக்கா," என்றாள், குற்றம் செய்தவள்போல. "முட்டை வச்சா ஏத்துப்பாரில்ல?"

"நீ எதுக்குடி வந்த? உன்னையா கேக்கப் போறாங்க?"

"எனக்காக இல்ல. உங்களுக்காக." ரொம்துவோல் தாத்தாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அக்கா இன்னைக்குப் பொய் சொல்லித்தான் ஆகணும், அவங்க மேல குத்தமில்ல, அவங்க கழுத்தை மட்டும் விட்டுருங்கன்னு கேட்டேன். வேணும்னா என்னுதை எடுத்துக்கங்கன்னு சொல்ல வந்துச்சு. பயமா இருந்துச்சு, சொல்லல."

செந்தா கையிலிருந்த கோழியைத் தரையில் வைத்தாள். எதையும் வேண்டிக்கொள்ளாமலே திரும்பிவிட்டாள்.

ஒன்பது மணிக்கு நியாரி வந்தாள். நாற்பது வயதிருக்கும், குள்ளம், சாதாரண ரப்பர் செருப்பு. பின்னால் மொழிபெயர்ப்பாளர் இல்லை, கேமரா இல்லை. உள்ளே போய்ப் பின்கதவைப் பார்த்தாள். சங்கிலி இல்லை, பச்சை விளக்கு எரிந்தது, ஒரு விரலால் தள்ளினாலே கதவு திறந்தது. நல்லது என்று குறித்துக்கொண்டாள். சாரெத் மூச்சு விட்டார்.

பிறகு தாத்தாவிடம் போகலாம் என்றாள். முறைக்குக் காத்து லைன் லைனாக நாங்களும் பின்னால் போனோம்.

நாங்கள் செய்த முட்டாள்தனம் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தாத்தாவுக்கு வைத்ததைப் பாதியில் எடுக்க எவனுக்குத் தைரியம் வரும்? எல்லாம் அப்படியே கிடந்தது. ஈ மொய்த்தது. கேட்டுக்கு வெளியே ஒரு பத்து நாய்கள் நின்றுகொண்டிருந்தன.

நியாரி நின்று பார்த்தாள். அவசரப்படாமல் எண்ணினாள். உதடு அசைவது தெரிந்தது.

"இன்னைக்கு என்ன விசேஷம்?"

"தாத்தாவுக்குப் பொறந்தநாள்," என்றார் சாரெத். சொன்ன வேகத்திலேயே தம் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

நியாரி சிரிக்கவில்லை. "நான் பட்டாம்பாங் பக்கம். எங்க ஊர்லயும் தாத்தா இருக்காரு. நன்றி சொல்லணும்னா ஒரு கோழி வைப்போம். நாப்பது கோழி எதுக்கு வைப்பாங்கன்னு எனக்கும் தெரியும்." நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "என்னன்னுதான் தெரியல. யாராவது சொல்றீங்களா?"

எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிருந்தது. தெரியாமல் செய்தார்களோ, இனித் தாங்காது என்று செய்தார்களோ, எல்லாரும் செந்தாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியாரியும் அங்கே பார்த்தாள். நைலான் கயிற்றைப் பார்த்தாள்.

"தங்கச்சி, இங்க வாங்க. அது எந்தக் கதவுச் சாவி?"

"பின்கதவு."

"எப்பவும் திறந்திருக்கிற கதவுக்கு எதுக்குச் சாவி?"

செந்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நேற்று ஒப்பித்த வரி நாக்கில் தயாராக இருந்தது. எப்பவும் திறந்தே இருக்குங்க. வாயைத் திறந்தாள். கண் தானாகக் கோழிக் குவியலின் ஓரத்துக்குப் போனது. அந்த இரண்டு முட்டைகளும் உருண்டுவிடாமல் இருக்க ரொம்துவோல் சுற்றிலும் மண் அணைத்து வைத்திருந்தாள்.

செந்தா நைலான் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றித் தாத்தாவின் முன்னால் வைத்தாள்.

"பூட்டியிருந்துச்சு," என்றாள். "புத்தாண்டு முடிஞ்ச வாரம், வியாழக்கிழமை. சாவி என்கிட்டதான் இருந்துச்சு. நான் திறக்கல. உத்தரவு கேக்க ஓடினேன். ஒரு புள்ள செத்துப்போச்சு. அது எந்தக் கணக்குலயும் இல்ல."

சொல்லி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் யாரோ அழுதார்கள். நியாரி நோட்டைத் திறந்து நெடுநேரம் எழுதினாள்.

"ஆர்டரை எடுத்துருவீங்களா?" என்று கேட்டாள் செந்தா.

"நான் எழுதறவ தங்கச்சி. முடிவு பண்றவங்க வேற தேசத்துல இருக்காங்க. அவங்க இந்தத் தாத்தாவைப் பாத்ததில்ல."

அன்று சாயங்காலம் லாரியில் நின்றுகொண்டு போகும்போது, கழுத்து வலி இல்லை என்பதைச் செந்தா கவனித்தாள். திருப்பிப் பார்த்தாள், திரும்பியது. அதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொங்கியா அவள் பக்கத்தில் நிற்கவில்லை. அறைக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"உன் கழுத்து தப்பிச்சுருச்சு. எங்க வயிறு மாட்டிக்கிச்சு."

நாணயத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுச் செந்தா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, அறுபது நாள் கெடு வைத்து. எந்தக் கதவுக்கும் பூட்டு கூடாது. புகை வந்தால் கத்துகிற கருவி மாட்டினார்கள். ரொம்துவோலை நல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தியம் பார்த்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மணி அடித்ததும் மிஷினை நிறுத்தி, முன்னால் நிற்பவள் தோளில் கை வைத்து, ஓடாமல் தள்ளாமல் பின்கதவு வழியாக வெளியேறப் பழக்கினார்கள். சாரெத் கையில் கடிகாரத்தோடு வெளியே நிற்பார். மூன்று நிமிடத்தில் கட்டடம் காலியாக வேண்டும் என்பது கடிதத்தில் இருந்த விதி. எங்களுக்கு நாலரை ஆகும். பயிற்சி முடிந்ததும் மணி அடிக்கும், சிரித்துக்கொண்டே உள்ளே ஓடி வருவோம். ஆர்டர் இன்னும் இருக்கிறதே என்ற சிரிப்பு அது.

மழைக்காலம் முடியும்போது அடுத்த பருவத்துத் துணி வரவில்லை. முதலில் இரண்டு லைன் சும்மா உட்கார்ந்தது. பிறகு ஏழு. யாரும் காரணம் சொல்லவில்லை. கதவு விவகாரம்தான் என்றாள் ஒருத்தி. சட்டை வாங்குகிற தேசத்தில் வரி ஏற்றிவிட்டார்களாம் என்றாள் இன்னொருத்தி. தவுக்கேவுக்கு வேறொரு நாட்டில் இதைவிட மலிவாக ஆள் கிடைத்துவிட்டது என்று சமையல்காரன் சொன்னான். எது உண்மை என்று செந்தாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் ஒன்று அழுது தீர்க்கலாம், இல்லை நிம்மதியாக இருக்கலாம். தெரியாததுதான் அவளைத் தின்றது. சாப்பாட்டு அறையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் ரொம்துவோலைத் தவிர யாரும் உட்கார்வதில்லை.

எதிர்ப்பக்கத்துக்காரன்போல எங்கள் தவுக்கே ஓடிப்போகவில்லை. அறிவிப்பு ஒட்டி, சேர வேண்டியதைக் கொடுத்துத்தான் மூடினார். அந்த மட்டும் மரியாதை. படகுத் திருவிழா முடிந்த சனிக்கிழமை கடைசி நாள். மத்தியானமே முன்வாசலில் மிஷின் ஏற்றுகிற லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன.

சாரெத் நடுவில் வந்து நின்றார். பல வருடத்துக்குப் பிறகு அவருக்குச் சொந்தக் குரல் வந்திருந்தது. "முன்னால வழி இல்லம்மா. எல்லாரும் பின்கதவு வழியாப் போயிருங்க."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழக்கத்தில் மிஷினை நிறுத்தினார்கள். பழக்கத்தில் வரிசையாக எழுந்தார்கள். முன்னால் நிற்பவள் தோளில் கை வைத்துக்கொண்டு, ஓடாமல், தள்ளாமல், பையும் சோற்றுத் தூக்குமாக வெளியே நடந்தார்கள். கதவு அகலத் திறந்திருந்தது. கொங்கியா போகும்போது செந்தாவைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போனாள். செந்தா லைன் லீடர் என்பதால் தன் லைன் முழுவதும் போனபிறகு கடைசியாக நின்றாள். இந்தக் கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் தப்பி வந்த ஓலைக் கூரையும், கஞ்சியும், மழையில் ஒரு மூலையில் நிற்பதும் இருந்தன. கால் எழவில்லை. பின்னாலிருந்து, இன்னும் போகாமல் நின்ற ஒருத்தியின் கை அவள் தோளில் விழுந்தது. ரொம்துவோல்.

இருவரும் வெளியே வந்தார்கள். வாசலில் சாரெத் நின்றுகொண்டிருந்தார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"மூணு நிமிஷம்," என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுபடி உள்ளே கூப்பிட மணி அடிக்கும் என்று சிலர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். அடிக்கவில்லை. ரொம்துவோல் செந்தாவின் தோளிலிருந்து கையை எடுக்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"யாரும் விழலக்கா."